காளைக்கும் உங்களுக்கும் ஒரே குதிங்கால் நாண்

கேள்வி: வணக்கமுங்க. எனக்கு ஐம்பத்திரண்டு வயசு. காங்கேயம் பக்கம் தோட்டம், நாலு உருப்படி மாடு, அதுல ரெண்டு ரேக்ளாக் காளை. தைப்பூசத்துக்குத் தாராபுரம் வழியாப் பழநிக்கு நடந்து போனதுல இருந்து வலது குதிங்காலுக்கு மூணு விரக்கடை மேல, பின்னால ஓடுற தடிச்ச நரம்புல வலிங்க. காலைல எந்திரிச்சு மொதல் பத்தடி வைக்கறதுக்குள்ள உசுரு போகுது. நடக்க நடக்கத் தேவலாம். பொழுது சாஞ்சா மறுபடியும் புடிச்சுக்குது. தொட்டுப் பார்த்தா முடிச்சாட்டம் இருக்குது. எண்ணெய் போட்டு நீவி விட்டாங்க, நரம்புக்குன்னு மாத்திரை தின்னேன், ஒரு மாசம் வேலை வெட்டி இல்லாமப் படுத்தும் பார்த்தேன். போகலை. ஊசி போட்டா ஒரே நாள்ல நிக்கும்ங்கறாங்க. போடலாமுங்களா? இன்னொண்ணு. எங் காளைக்கு முட்டிக்குக் கீழ சதையே கிடையாது. அது அந்த ஓட்டம் ஓடுது, ரெண்டு நாள் நடந்த எனக்கு மட்டும் ஏனுங்க இப்படி? பன்னெண்டாவது படிக்கற எம் பொண்ணு, ‘மீனுக்கெல்லாம் இது உண்டா, எப்பப்பா வந்துச்சு’ன்னு கேக்கச் சொல்றா. மார்கழியில நீர்க்கடுப்புக்கு ஒரு வாரம் மாத்திரை சாப்பிட்டதைத் தவிர எனக்கு வேற நோவு இல்லைங்க.

பதில்: அண்ணா, வணக்கமுங்க. ஊசி வேண்டாம். இதைப் படித்து முடிப்பதற்குள் யாராவது உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குதிங்கால் நாணுக்குள்ளோ அதை ஒட்டியோ ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரம் வலி தெரியாது. ஆனால் நாண் நைந்து அறுந்துபோகும் ஆபத்து அதில் இருக்கிறது. வலி இல்லையே என்று நீங்களும் வழக்கம்போல வரப்பு தாண்டுவீர்கள், மூட்டை தூக்குவீர்கள். அதுதான் எனக்குப் பயம்.

உங்களுக்கு வலிப்பது நரம்பும் இல்லை. மூளையின் சேதியைக் கொண்டு போவது நரம்பு. சதையின் இழுப்பை எலும்புக்குக் கொண்டு போவது தசைநாண். நரம்பு மாத்திரை கேட்காமல் போனதற்குக் காரணம் அவ்வளவுதான்.

இனி காளைக்கு வருவோம். நீங்கள் கேட்ட கேள்வியில்தான் உங்கள் வைத்தியமும் இருக்கிறது.

இன்று சாயங்காலம் கட்டுத்தரையில் காளையின் பின்னங்காலைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். காலின் நடுவே ஒரு மூலை பின்பக்கமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். அதைத்தான் நாம் பின்முட்டி என்கிறோம். உண்மையில் அது காளையின் குதிங்கால். நிஜமான முட்டி அதற்கு மேலே, வயிற்றோரமாகத் தோலுக்குள் அடங்கி இருக்கிறது. முன்னங்காலில் முட்டி என்று நாம் சொல்வதும் அதன் மணிக்கட்டுதான். இரண்டாகப் பிளந்த குளம்பு இரண்டு விரல்களின் நுனி. நம் கணக்கில் மூன்றாவது விரலும் நான்காவது விரலும். காளை பிறந்ததில் இருந்து விரல் நுனியிலேயே நிற்கிறது, நடக்கிறது, ஓடுகிறது.

உங்கள் கைக்குப் பழகிய காளைதானே, தடவிக் கொடுத்துக்கொண்டே அந்த மூலைக்கு மேலே பிடித்துப் பாருங்கள். விரல் தடிமனுக்கு விறைப்பாக ஒன்று மேலே சதைக்குள் போகும். உங்களுக்கு வலிக்கிற அதே நாண்தான் அது. இடம் மாறவில்லை, எலும்பு மாறவில்லை, குதிங்கால் மட்டும் தரையை விட்டு மேலே போயிருக்கிறது. அந்த மூலைக்குக் கீழே குளம்பு வரைக்கும் நீங்கள் சொன்னதுபோலச் சதை ஏறக்குறைய இல்லவே இல்லை. எலும்பு, தோல், இரண்டுக்கும் நடுவே நீள நீளமான நாண்கள். சதையெல்லாம் தொடையிலும் சப்பையிலும் இருந்துகொண்டு அங்கிருந்தே இழுக்கிறது.

ஓடுகிற உயிருக்கு இது பெரிய வசதி. காலை ஒவ்வொரு எட்டுக்கும் முன்னால் வீசிப் பின்னால் இழுக்க வேண்டும். நுனியில் கனம் இருந்தால் வீசுகிற செலவு ஏறிக்கொண்டே போகும். சதையை உடம்போடு ஒட்டி வைத்துவிட்டு நாணை மட்டும் கீழே அனுப்பினால் கால் இலேசாகிவிடும். ஆனால் இதைவிடப் பெரிய வசதி ஒன்று உண்டு. கால் தரையில் ஊன்றும்போது உடம்பின் கனம் நாணை இழுக்கிறது, நாண் கொஞ்சம் நீள்கிறது. கால் எழும்பும்போது பழைய நீளத்துக்குத் திரும்புகிறது. வாங்கிய விசையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் திருப்பிக் கொடுத்துவிடுகிறது, மீதி சூடாகப் போகிறது. சதை இந்த நேரத்தில் விறைத்துப் பிடித்துக்கொண்டால் போதும், நீண்டு சுருங்கி உழைக்க வேண்டியதில்லை. ரேக்ளாவில் உங்கள் காளை போகிற வேகத்தில் ஒரு பங்கு இப்படி ஊன்றிய அடியிலேயே திரும்பக் கிடைத்த விசை.

நமக்கும் அந்த ஏற்பாடு இருக்கிறது. கெண்டைக்காலில் இரண்டு சதைகள். மேலாக இருப்பது முட்டிக்கு மேல், தொடை எலும்பில் தொடங்குகிறது. அதன் அடியில் இருப்பது முட்டிக்குக் கீழே தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து, சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரே நாணாகி, கீழே இறங்க இறங்க முறுக்கிக்கொண்டு குதிங்கால் எலும்பில் பிடிக்கின்றன. நம் உடம்பிலேயே தடிமனானதும் பலமானதும் இதுதான். ஓடும்போது உடல் எடையைப் போல ஆறு, எட்டு மடங்கு இழுப்பு இதன்மேல் விழுகிறது. எழுபது கிலோ ஆளுக்கு அரை டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1987இல் இங்கிலாந்தில் விலங்கியல் அறிஞர் மெக்நீல் அலெக்சாண்டரும் அவருடன் இருந்தவர்களும் கணக்கிட்டார்கள்: ஓடுகிற மனிதன் ஒவ்வொரு அடியிலும் கையாள வேண்டிய ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கை இந்த ஒரு நாணே வாங்கி வைத்துத் திருப்பித் தருகிறது, பாதத்தின் வளைவு இன்னொரு பதினேழு சதவீதத்தை.

நமக்கு மிக நெருங்கிய உறவான சிம்பன்சிக்கு இப்படி இல்லை. அதற்குக் கெண்டைச் சதை ஏறக்குறையக் குதிங்கால் வரைக்கும் இறங்கி வந்துவிடும், வெளியே தெரிகிற நாண் மிகக் குட்டை. மரம் ஏறுகிற காலுக்கு அது பொருத்தம். நம் முன்னோர் தரையில் நெடுந்தூரம் ஓடியதால்தான் நமக்கு நீண்ட நாண் வாய்த்தது என்று 2004இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டெனிஸ் பிராம்பிளும் டேனியல் லீபர்மனும் வாதிட்டார்கள். எனக்கு அந்த வாதம் பிடிக்கும். ஆனால் நாண் புதைபடிவமாக மிஞ்சுவதில்லை, மரத்துக்கு மரம் தாவுகிற கிப்பன் குரங்குக்கும் நீண்ட குதிங்கால் நாண் இருக்கிறது. அதனால் அதை முடிந்த தீர்ப்பாக உங்கள் மகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

அவள் கேட்ட மீனுக்கு வருகிறேன். அமராவதி அணை மீனை அடுத்த முறை குழம்பு வைக்கும்போது வெந்த துண்டை விரலால் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சதை இதழ் இதழாக விடும். ஒவ்வொரு இதழுக்கும் நடுவே மெல்லிய வெள்ளைத் தாள் ஒன்று பச்சையாக இருக்கும்போது இருந்தது, வெந்ததும் கூழாகி விட்டுக்கொடுத்துவிட்டது. ஆட்டுக்கால் சூப் ஆறினால் கெட்டியாகிறதே, அதே பொருள்தான்: கொலாஜன். மீனின் உடல் சதை தலையில் இருந்து வால் வரை கட்டங் கட்டமாக அடுக்கியிருக்கிறது. அந்தத் தாள்கள் ஒரு கட்டத்தின் இழுப்பை அடுத்த கட்டத்துக்கும் முதுகெலும்புக்கும் தோலுக்கும் கடத்துகின்றன. அதற்குள்ளேயே இழைகள் தடித்து ஓடும் இடங்கள் உண்டு, அவை நாண்களேதாம். தாடையே இல்லாத லாம்ப்ரே என்ற பழைய மீன் இனத்துக்கும் இந்தத் தாள்கள் இருக்கின்றன. ஆக, கால் வருவதற்கு வெகுகாலம் முன்பே, நீந்துகிற உடம்பில் நாணின் வேலை தொடங்கிவிட்டது. சுமார் 37 கோடி ஆண்டுகளுக்கு முன் நாலு கால் உயிர்கள் தோன்றி, பிறகு தரையில் கனத்தைத் தாங்கி நடக்கத் தொடங்கியபோது கால்களுக்குள் நீளமான நாண்கள் வளர்ந்தன.

கருவிலும் இதன் தடயம் தெரிகிறது. கோழிக் கருவில் முதுகுப் பக்கமாக வரிசையாகக் கட்டிகள் உண்டாகும். ஒரு பகுதி சதையாகும், ஒரு பகுதி முதுகெலும்பாகும். இரண்டும் தொட்டுக்கொள்ளும் விளிம்பில் நாணுக்கென்றே தனியாக ஒரு அடுக்கு இருப்பதை 2003இல்தான் கண்டுபிடித்தார்கள். அதைக் காட்டிக் கொடுத்தது ஸ்கிலராக்சிஸ் என்ற மரபணு. அதே மரபணு மீனின் நாண் செல்களிலும் வேலை செய்கிறது, எலியிலும் செய்கிறது. கை கால்களில் கதை கொஞ்சம் வேறு. அங்கே சதையாகப் போகிற செல்கள் முதுகுப் பக்கமிருந்து நகர்ந்து வருகின்றன, நாணாகப் போகிறவை காலின் சொந்தத் திசுவிலேயே பிறக்கின்றன. வெவ்வேறு இடத்தில் பிறந்த இரண்டும் சரியான இடத்தில் சந்தித்துப் பிணைந்துகொள்கின்றன. இத்தனை ஆண்டுகள் நாண் நோய்களையே பார்த்தும் எனக்கு இந்தச் செய்தி ஒவ்வொரு முறையும் வியப்பாகத்தான் இருக்கிறது. வயல் நண்டின் கொடுக்கை உடைத்தால் உள்ளே பிளாஸ்டிக் தகடுபோல ஒன்று சதையோடு வருமே, அதுவும் நாணின் வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அது நண்டின் ஓடு உள்பக்கமாக மடிந்து வளர்ந்தது. கொலாஜன் இல்லை, ஓட்டின் பொருளான கைட்டின். தேவை ஒன்று, வழி வேறு.

இப்போது உங்கள் காலுக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

நாணின் அமைப்பைத் தேங்காய் நார்க் கயிறு திரித்தவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். மூன்று சரம் முறுக்கிய கொலாஜன் மூலக்கூறுகள் சேர்ந்து நுண்ணிழை, நுண்ணிழைகள் சேர்ந்து இழை, இழைகள் சேர்ந்து புரி, புரிகள் சேர்ந்து நாண். ஓய்வில் இருக்கும்போது இழைகள் சின்னச் சின்ன அலையாக நெளிந்திருக்கும். முதல் இரண்டு சதவீதம் நீளும்வரை அந்த நெளிவு நிமிர்வதோடு சரி. அதற்கு மேல் இழையே நீள்கிறது. ஆய்வகத்தில் இழுத்துப் பார்த்தால் நான்கு சதவீதத்தைத் தாண்டும்போது நுண்ணிழைகள் சேதமாகத் தொடங்குகின்றன, எட்டு, பத்தில் அறுந்துபோகிறது.

கயிற்றில் இல்லாதது ஒன்று இதில் உண்டு: உயிருள்ள செல்கள். இழைகளுக்கு நடுவே மெலிந்து நீண்டு, எண்ணிக்கையில் குறைவாக, இழுப்பை உணர்ந்து அதற்கேற்பக் கொலாஜனைக் கட்டுகிறவை அவை. சதையோடு ஒப்பிட்டால் நாணுக்கு இரத்தம் மிகக் கொஞ்சம். குதிங்கால் எலும்புக்கு மேலே இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் வரையான பகுதிக்கு அதைவிடவும் குறைவு. உங்கள் மூணு விரக்கடை சரியாக அந்த இடத்தில்தான் விழுகிறது. செலவு குறைந்த பொருள் என்பதால்தான் இத்தனை கனத்தை அலுக்காமல் சுமக்கிறது. அதே காரணத்தால்தான் கெட்டால் ஆற நாளாகிறது.

எவ்வளவு மெதுவானது என்பதற்கு டென்மார்க்கில் ஒரு நல்ல சான்று கிடைத்தது. 1955க்கும் 1963க்கும் இடையே நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறி, பிறகு படிப்படியாக இறங்கியது. எந்த ஆண்டில் உடம்பில் ஒரு திசு உருவானதோ அந்த ஆண்டின் அளவு அதில் பதிந்திருக்கும். ஆய்வாளர் காட்ஜா ஹைனமையரும் குழுவினரும் குதிங்கால் நாணின் நடுப்பகுதியில் அந்த அளவைப் பார்த்து 2013இல் எழுதினார்கள்: நாணின் உள்பகுதி ஏறக்குறைய முதல் பதினேழு வயதுக்குள் உருவாகிவிடுகிறது, அதற்குப் பிறகு அது புதுப்பிக்கப்படுவது இல்லை என்றே சொல்லலாம். சதையில் அப்படி இல்லை, அது மாறிக்கொண்டே இருக்கிறது. அண்ணா, இன்று உங்களைச் சுமக்கிற நாணின் உள்பகுதி நீங்கள் சிறுவயதில் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மாட்டுக்குப் பின்னால் ஓடித் திரிந்த காலத்தில் கட்டப்பட்டது.

அந்த நாண் உங்களுக்கு அன்றாடத் தோட்ட வேலைக்குப் பழகியிருக்கிறது. இரண்டு நாள் தார்ச் சாலையில், ஒருவேளை வெறுங்காலில், ஆயிரக்கணக்கான அடிகள் தொடர்ந்து என்பதற்குப் பழகவில்லை. இழைகள் சீர் குலைந்து, நடுவே நீர் கோத்து, நாண் தடித்திருக்கிறது. நீங்கள் தொடுகிற முடிச்சு அதுதான். அதை நசுக்கிக் கரைக்க முடியாது. எண்ணெய் போட்டு நீவுவதாக இருந்தால் மேலே கெண்டைச் சதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நாணை அழுத்தி நீவ வேண்டாம்.

ஒரு மாதம் படுத்தும் ஏன் போகவில்லை? நாண் செல்லுக்கு வேலை செய்யச் சொல்லும் சேதியே இழுப்புதான். இழுப்பை முழுக்க எடுத்துவிட்டால் வலி அடங்கும், நாணும் சதையும் பலம் குறையும், எழுந்து நடந்ததும் முன்னைவிடச் சீக்கிரமாக வலி திரும்பும். அளவான கனம், மெதுவாக, நாள் தவறாமல். இதற்கு இதுதான் மருந்து. 1998இல் சுவீடனின் ஹாக்கன் ஆல்ஃபிரெட்சன் என்ற எலும்பு மருத்துவர், நாள்பட்ட குதிங்கால் நாண் வலி இருந்த 15 பேருக்குக் குதிங்காலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியைக் கொடுத்தார். பன்னிரண்டு வாரத்தில் அத்தனை பேரும் பழையபடி ஓடினார்கள். பிறகு வந்த ஆய்வுகளில் எல்லோருக்கும் அப்படிக் குணமாகவில்லை, ஆனாலும் பெரும்பாலோருக்குப் பயன் தருகிறது. என்னிடம் வருகிறவர்களுக்கும் முதலில் இதைத்தான் தருகிறேன்.

முதல் இரண்டு வாரம் சமதரையில். திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலிலும் குதிங்காலைத் தூக்கி, பாதி உயரத்தில் முக்கால் நிமிடம் நில்லுங்கள். இப்படி ஐந்து முறை, நடுவே இரண்டு நிமிடம் ஓய்வு. பல பேருக்கு இதிலேயே வலி கொஞ்சம் தணியும். பிறகு வாசற்படிக்கு வாருங்கள். படியின் விளிம்பில் பாதத்தின் முன்பகுதி மட்டும் ஊன்றியிருக்க வேண்டும். இரண்டு காலாலும் மேலே எழும்புங்கள். இடது காலை எடுத்துவிட்டு, வலது குதிங்காலை மட்டும் படிக்குக் கீழே மெதுவாக இறக்குங்கள். மனசுக்குள் ஐந்து எண்ணுகிற நேரம். வலது காலால் எழும்ப வேண்டாம், இடதை வைத்து எழும்புங்கள். முட்டியை நேராக வைத்துப் பதினைந்து வீதம் மூன்று தடவை, முட்டியை இலேசாக மடக்கி அதே அளவு. மடக்கும்போதுதான் அடிச்சதைக்கு வேலை போகிறது, அதை விட்டுவிடாதீர்கள். காலையும் மாலையும், பன்னிரண்டு வாரம். சித்திரைத் தொடக்கத்தில் ஆரம்பித்தால் எல்லாம் சேர்ந்து ஆடி முதல் வாரத்தில் முடிந்துவிடும்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கும், வலிக்கலாம். பத்துக்கு நாலு என்று தோன்றுகிற வலி பரவாயில்லை. மறுநாள் காலை முதல் பத்தடி முந்தின நாளைவிட மோசமாக இருந்தால் அளவைக் குறையுங்கள். அந்தப் பத்தடிதான் உங்களுக்கு அளவுகோல். வலியே தெரியாமல் செய்ய முடிகிறபோது முதுகில் ஒரு பையை மாட்டி ஐந்து கிலோ அரிசி போடுங்கள், பிறகு பத்து. (வலி குதிங்கால் எலும்பிலேயே இருக்கிறவர்கள் இதைப் படித்தால், குதிங்காலைப் படிக்குக் கீழே இறக்க வேண்டாம், சமதரையோடு நிறுத்துங்கள். நாண் எலும்போடு அழுந்தி வலி கூடும்.)

இந்த மாதங்களில் வெறுங்கால் வேண்டாம். செருப்பில் குதிங்கால் பக்கம் ஒரு சென்டிமீட்டர் உயரமாக இருந்தால் நாணுக்குச் சற்று ஓய்வு. காலை இழுத்து மடக்கி வலிக்க வலிக்க நீட்டும் பயிற்சியை இப்போது விட்டுவிடுங்கள். ஆட்டுக்கால் சூப் குடியுங்கள், உடம்புக்கு நல்லது. ஆனால் அதன் கொலாஜன் வயிற்றில் செரித்துச் சிதைந்துதான் இரத்தத்தில் சேரும், நேராகக் குதிங்காலுக்குப் போகாது. கொலாஜன் கட்ட வைட்டமின் சி வேண்டும், அதற்கு நெல்லிக்காயும் கொய்யாவும் போதும்.

மார்கழியில் சாப்பிட்ட மாத்திரையை விடாமல் தேடுங்கள். அட்டையோ சீட்டோ கிடைத்தால் பெயர் ‘ஃப்ளாக்சசின்’ என்று முடிகிறதா பாருங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின் எல்லாம் அந்த வகை. நீர்க்கடுப்புக்கு அடிக்கடி எழுதப்படுபவை. இவை சிலருக்கு நாணைப் பலவீனமாக்கும், அறுந்துபோகவும் வைக்கும், குறிப்பாகக் குதிங்கால் நாணை. மாத்திரையை நிறுத்திச் சில மாதங்கள் கழித்தும் வரலாம். அறுபது தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுக்கிறவர்களுக்கும் ஆபத்து கூடுதல். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே இதற்குக் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னது. நீங்கள் சாப்பிட்டது அந்த வகை என்றால் பயிற்சி தொடங்குமுன் மருத்துவரிடம் காட்டுங்கள், இனி எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் சொல்லுங்கள். சர்க்கரையும் கொழுப்பும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரண்டுமே நாணைக் கெடுக்கும்.

உங்கள் காளைகளும் இதற்கு விலக்கு இல்லை. பந்தயக் குதிரைகளுக்குச் சாதாரணமாக வருகிற காயங்களில் ஒன்று முன்னங்கால் நாண் கிழிவதுதான், தேற மாதக்கணக்கில் ஆகும். நாண் இளவயதில் உருவாகிறது என்பதால் கன்றுகளைக் கட்டியே வைக்காமல் மேய்ச்சலில் ஓடியாட விடுங்கள். பல மாதம் கட்டிக் கிடந்த காளையை ஒரே வாரத்தில் பந்தயத்துக்குத் தயார் செய்ய வேண்டாம். அடுத்த தைப்பூசத்துக்கு நீங்களும் அப்படியே. ஆவணியில் தினம் இரண்டு கிலோமீட்டரில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு கிலோமீட்டராகக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கடைசியாக ஒன்று. நடக்கும்போதோ படியில் நிற்கும்போதோ யாரோ பின்னாலிருந்து குதிங்காலில் எட்டி உதைத்ததுபோல் ‘பட்’டென்று விட்டுப்போனால், ஒற்றைக் காலில் குதிங்காலைத் தூக்கி நிற்க முடியாமல் போனால், அல்லது குப்புறப் படுத்திருக்கும்போது வீட்டில் யாராவது கெண்டைச் சதையைப் பிடித்து அமுக்கியும் பாதம் அசையாமல் இருந்தால், நாண் அறுந்திருக்கலாம். அன்றே எலும்பு மருத்துவரிடம் போங்கள். காய்ச்சலோடு கால் சிவந்து வீங்கினாலும், கெண்டைச் சதை முழுவதும் வீங்கிக் கனத்தாலும் அன்றே. இவை எதுவும் இல்லாமல், பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் முதல் பத்தடி மாறவில்லை என்றால் மட்டும் ஸ்கேன் எடுத்துக்கொண்டு மேல் சிகிச்சையைப் பற்றிப் பேசலாம்.